ஒற்றுமைக்கு ஒழுங்கு வேலியா, விலங்கா?

திருச்சபை ஒற்றுமையும் ஒழுங்கும் என்பது இன்றைய மன்றத்தில் எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இது கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம், நமக்கென்ன வந்தது என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் கோயில் நிர்வாகக் குழு, ஊர்ச் சங்கம், தொழிற்சங்கம், பழைய மாணவர் மன்றம் என்று நாலு பேர் கூடும் எந்த இடத்திலும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். உறுப்பினர் ஒருவர் தவறான வழியில் போகிறார் என்று மற்றவர்கள் கருதினால் என்ன செய்வது? பொறுத்துப் போனால் கொள்கை போய்விடுகிறது. விலக்கி வைத்தால் ஒற்றுமை போய்விடுகிறது. இந்த இக்கட்டில் உலகம் முழுவதும் உள்ள ஆங்கிலிக்கன் திருச்சபைகள் சிக்கித் தவிக்கின்றன. அந்தப் பிளவின் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் சிங்கப்பூரிலேயே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் கண்ணில் படும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதி அந்தப் பேராலயத்தில் சக் மர்ஃபி, ஜான் ராட்ஜர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் குருமார் பேராயர்களாக அபிஷேகம் செய்யப்பட்டார்கள். செய்து வைத்தவர்களில் முதன்மையானவர்கள் இருவர். ஒருவர் தென்கிழக்காசிய ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் மோசஸ் டே. மற்றவர் ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டுத் தலைமைப் பேராயர் இம்மானுவேல் கொலினி. அபிஷேகம் பெற்ற இருவரும் ஊழியம் செய்ய வேண்டிய இடம் சிங்கப்பூருமல்ல, ருவாண்டாவுமல்ல, அமெரிக்கா! அங்கே ஏற்கெனவே ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் திருச்சபை இருக்கிறது, அதற்கென்று பேராயர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. செய்தி வெளியானபோது ஆங்கிலிக்கன் உலகமே அதிர்ந்து போனது.

இது ஏன் நடந்தது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

தமிழர் கைபட்ட சுவர்கள்

அந்தப் பேராலயத்துக்கும் நமக்கும் உறவு உண்டு. அதே இடத்தில் கோல்மன் வடிவமைத்து 1830களில் எழுந்த முதல் ஆலயத்தை 1845லும் 1849லும் இடி தாக்கியது. பிறகு அது இடிக்கப்பட்டது. இன்றுள்ள கட்டடத்துக்கு 1856ல் அடிக்கல் நாட்டியவர் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். சுவருக்குப் பூசிய கலவையின் பெயரே மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த பூச்சு அது. 1861ல் முதல் ஆராதனை நடந்தது.

அடிக்கல் நாட்டக் கல்கத்தா பேராயர் வந்தது ஏன்? அந்நாளில் சிங்கப்பூர் கல்கத்தா பேராயத்தின் ஆளுகைக்குள் இருந்தது. 1869ல் லாபுவான், சரவாக் பேராயத்தோடு இணைந்தது. 1909ல் சிங்கப்பூருக்கென்று தனிப் பேராயம் உருவானது. 1966ல் சியூ பான் இட் முதல் ஆசியப் பேராயரானார். 1996ல் சிங்கப்பூர், மேற்கு மலேசியா, கூச்சிங், சபா ஆகிய நான்கு பேராயங்களும் சேர்ந்து தென்கிழக்காசிய மாகாணமாயின. அதன் முதல் தலைமைப் பேராயர்தான் மோசஸ் டே. கல்கத்தாவிடம் அனுமதி கேட்ட ஊர், நான்காண்டுகளில் அமெரிக்காவுக்கே பேராயர்களை அனுப்பியது என்றால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள்!

தமிழ் ஆங்கிலிக்கன் மக்களின் வரலாறும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. இலங்கையில் பிறந்த வில்லியம் ஹென்றி கோமஸ் என்ற குருவானவர் 1872ல் சிங்கப்பூருக்கு வந்து பல மொழிச் சபைகளை வளர்த்தார். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த ஃபேரர் பார்க் வட்டாரத்தில், டார்செட் சாலையில் இருக்கும் கிறைஸ்ட் சர்ச் ஆலயம் 1940களின் தொடக்கத்தில் தமிழ்ச் சபையாருக்காக எழுந்தது. பேராக் சாலைக்குப் போனால், ரிக்‌ஷா இழுத்துப் பிழைத்த சீனத் தொழிலாளர்களிடையே தொடங்கிய சர்ச் ஆஃப் ட்ரூ லைட் என்ற ஆங்கிலிக்கன் ஆலயம் நிற்கிறது. அருகிலேயே அப்துல் கஃபூர் பள்ளிவாசல். கொஞ்சம் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். மொழி வேறு, இனம் வேறு. ஆனால் டார்செட் சாலைத் தமிழருக்கும் பேராக் சாலைச் சீனருக்கும் ஒரே பேராயர்.

அந்த 'ஒரே பேராயர்' என்பதுதான் நம் விஷயத்தின் முடிச்சு.

போப்பாண்டவர் இல்லாத குடும்பம்

கத்தோலிக்கத் திருச்சபையில் இறுதி முடிவெடுக்கப் போப்பாண்டவர் இருக்கிறார். ஆங்கிலிக்கன் மரபில் அப்படி ஒருவர் இல்லை. இங்கிலாந்தின் கேண்டர்பரி தலைமைப் பேராயர் சமமானவர்களுள் முதலாமவர், அவ்வளவுதான். ஒவ்வொரு நாட்டுத் திருச்சபையும் தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. இவற்றைக் கட்டிப்போட்டிருப்பவை பொதுவான ஜெபப் புத்தக மரபு, பேராயர்களின் வழிவழி வரும் பொறுப்பு, ஒருவர் திருவிருந்தில் மற்றவர் பங்குகொள்ளும் உறவு ஆகியவைதாம். சட்டத்தைவிட உறவுக்கே கனம் அதிகம்.

ஒழுங்குக்கு அடிப்படையான விதிகள் பழமையானவை. கி.பி. 325ல் கூடிய நிசேயா சங்கம், ஒரு பேராயரைக் குறைந்தது மூன்று பேராயர்கள் சேர்ந்து அபிஷேகம் செய்ய வேண்டும் என்றது. ஒருவர் விலக்கி வைத்தவரை இன்னொருவர் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்றது. ஒரே நகரத்தில் இரண்டு பேராயர்கள் கூடாது என்பதும் அதன் விதிகளில் அடங்கும். ஓர் உறைக்குள் இரண்டு வாள் இருக்க முடியாது என்று நம்மவர்கள் சொல்வதுபோல!

இந்த விதி அடிபட்டபோதெல்லாம் புயல் வீசியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிப் பேராயர் கொலென்சோ, வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சிக்காகக் கேப் டவுன் பேராயர் கிரேயால் பதவி நீக்கப்பட்டார். இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் 1865ல் அந்த நீக்கம் செல்லாது என்றது. கொலென்சோ நாற்காலியை விட்டு இறங்கவில்லை. திருச்சபை 1869ல் இன்னொருவரை அங்கே பேராயராக்கியது. ஒரே பகுதிக்கு இரண்டு பேராயர்கள்! இந்தக் குழப்பத்தின் நடுவே, 1867ல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் முதல் லாம்பெத் மாநாடு கூடியது. கூடிப் பேசலாம், சட்டம் இயற்றக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் கூட்டினார்கள். அந்த நிபந்தனைதான் இன்றுவரை வரமாகவும் சாபமாகவும் இருக்கிறது.

1998லிருந்து 2000 வரை

1998 லாம்பெத் மாநாட்டில் தன்பாலின உறவு பற்றிய தீர்மானம் வந்தது. அத்தகைய நாட்டமுடையவர்களின் குரலைக் கேட்கவேண்டும், அவர்களும் கடவுளால் நேசிக்கப்படுபவர்கள் என்று அது கூறியது. கூடவே, அந்த உறவு வேதாகமத்துக்கு ஒவ்வாதது, அத்தகைய இணைகளை ஆசீர்வதிப்பதையோ அவ்வுறவில் வாழ்வோருக்குக் குருப்பட்டம் தருவதையோ ஏற்பதற்கில்லை என்றும் கூறியது. 526 பேர் ஆதரித்தார்கள், 70 பேர் எதிர்த்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே கோலாலம்பூரில் கூடிய ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகள் இதே கருத்தை அறிக்கையாக வெளியிட்டிருந்தன.

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் நிறைவேற்றி வைக்க ஆளில்லை. அமெரிக்காவில் சில பேராயர்கள் தங்கள் வழியிலேயே போனார்கள். அங்கிருந்த பழமைப் பற்றாளர்கள், எங்களுக்குப் பாதுகாப்பு யார் என்று வெளிநாட்டுத் தலைவர்களிடம் முறையிட்டார்கள். இந்தச் சூழலில்தான் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மோசஸ் டே, கொலினியோடு சேர்ந்து அந்த ஜனவரி அபிஷேகத்தை நடத்தினார்.

இரு தரப்பு வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைப்போம். வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டா நிற்பார்கள் என்று கேட்டது ஒரு தரப்பு. போதனை சிதைந்துபோன பிறகு எல்லைக்கோட்டைக் காப்பாற்றி என்ன பயன் என்பது அவர்கள் வாதம். உன் வீட்டில் தீ என்று நானே முடிவு செய்து கொண்டு, பூட்டை உடைத்து உள்ளே வந்தால் நாளை என் வீட்டுக்கும் யாரோ அப்படி வரமாட்டார்களா என்று கேட்டது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது எளிதில் தீரவில்லை.

அன்றைய கேண்டர்பரி தலைமைப் பேராயர் ஜார்ஜ் கேரி, கொள்கையில் பழமைப் பக்கம் நின்றவர். 1998 தீர்மானத்தை ஆதரித்தவர். அவரே 2000 பிப்ரவரியில், இந்த இருவரின் பேராயர் ஊழியத்தைத் தம்மால் அங்கீகரிக்க இயலாது என்று அறிவித்தார். கொள்கையில் ஒன்றுபட்டவர்களே முறையில் வேறுபட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் இந்த வரலாறே புரியாது.

பின்விளைவுகள்

அமெரிக்காவில் அந்த அமைப்பு வளர்ந்தது. 2001ல் மேலும் நால்வர் பேராயர்களானார்கள். 2003ல் நியூ ஹாம்ப்ஷயரில், தன்பாலின உறவில் வாழ்வதை வெளிப்படையாக அறிவித்திருந்த ஜீன் ராபின்சன் பேராயரானபோது விரிசல் பள்ளமானது. அயர்லாந்துத் தலைமைப் பேராயர் ராபின் ஈம்ஸ் தலைமையில் அமைந்த குழு 2004ல் விண்ட்சர் அறிக்கையைத் தந்தது. அத்தகைய அபிஷேகங்களை நிறுத்துங்கள், அத்தகைய இணைகளுக்கான பொது ஆசீர்வாதச் சடங்குகளை நிறுத்துங்கள் என்று ஒரு பக்கத்திடம் கேட்டது. அடுத்தவர் எல்லைக்குள் நுழைவதை நிறுத்துங்கள் என்று மறு பக்கத்திடம் கேட்டது. இரு பக்கமும் முழுமையாகச் செவி சாய்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2011 டிசம்பரில் சக் மர்ஃபியும் அவருடைய சகப் பேராயர்களில் பெரும்பாலோரும் ருவாண்டா திருச்சபையிலிருந்தே விலகினார்கள். யாருக்கு யார் கட்டுப்பட்டவர், கணக்கு யாரிடம் காட்டுவது என்ற தகராறு அது. ஒழுங்கு இல்லை என்று சொல்லி ஒரு வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு, புகுந்த வீட்டிலும் ஒழுங்குக் கேள்வி காத்திருந்தது. அவர்களோடு இருந்த சபைகள் பலவாகச் சிதறின.

சிங்கப்பூர்த் திருச்சபையோ இதற்கிடையே வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. மோசஸ் டேக்குப் பின் வந்த பேராயர் ஜான் சியூ, ஆங்கிலிக்கன் திருச்சபைகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் பொது உடன்படிக்கையை வரைந்த குழுவில் இடம்பெற்றார். 2010ல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளின் நான்காவது மாநாடு சிங்கப்பூரிலேயே நடந்தது. 2011ல் தென்கிழக்காசிய மாகாணம் உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் 2012ல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயங்களில் பெரும்பான்மை அதை நிராகரித்துவிட்டன. தாய் வீடே கையெழுத்துப் போட மறுத்த பிறகு உடன்படிக்கை எங்கே எழுந்து நிற்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லை தாண்டுவது சிங்கப்பூர்ப் பேராயத்துக்குப் புதிதல்ல. இந்தோனீசியா, தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், லாவோஸ், நேப்பாளம் ஆகிய நாடுகளில் ஆங்கிலிக்கன் ஊழியம் சிங்கப்பூரின் பொறுப்பில் வளர்ந்தது. ஆனால் அங்கெல்லாம் வேறு ஆங்கிலிக்கன் பேராயர் இல்லை. காலி நிலத்தில் விதைப்பது வேறு, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் வேலி போடுவது வேறு. 2000ஆம் ஆண்டுச் செயல் சர்ச்சையானதன் காரணம் இதுதான்.

தென்னிந்தியா சொல்லும் பாடம்

இந்தப் பிரச்சினைக்கு நம் தாயகத்தில் முன்கதைகள் உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் ராபர்ட் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி 1849ல் எழுதிய நூலும், மிஷனரிகளின் அதிகாரப் போக்கும் கொதிப்பை உண்டாக்கின. சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் தலைமையில் ஒரு பகுதியினர் ஆங்கிலிக்கன் மிஷனை விட்டு வெளியேறி, 1857ல் இந்துக் கிறிஸ்தவ சபையை அமைத்தார்கள். ஐரோப்பியக் குருமாரின் தலைமையே வேண்டாம் என்றார்கள். ஒழுங்கு என்பது மேலிருப்பவர் கீழிருப்பவர் மீது வீசும் சாட்டையாகிவிட்டால் மக்கள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதற்கு அது சான்று.

மறுபக்கத்துக்கு வருவோம். அதே திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச.அசரியா, 1912ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1919ல் தரங்கம்பாடியில் பல சபைத் தலைவர்கள் கூடித் திருச்சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்ததில் அவர் பங்கு பெரிது. அதன் பிறகு 28 ஆண்டுகள் பேசினார்கள். தீர்மானத்தை எழுதினார்கள், அடித்தார்கள், திருத்தினார்கள். அசரியா 1945ல் காலமானார். கனி பழுத்ததை அவர் கண்ணால் காணவில்லை. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

அதையும் லாம்பெத் உடனே வாழ்த்தி வரவேற்கவில்லை. பேராயர் கையால் பட்டம் பெறாத போதகர்களையும் ஏற்றுக்கொண்டீர்களே என்று 1948 மாநாடு தயங்கியது. ஆங்கிலிக்கன் மிஷன் சங்கம் ஒன்று உதவித்தொகையை நிறுத்தியது. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் மக்கள் சேர மறுத்து வெளியே நின்றார்கள். 1955ல் இங்கிலாந்துத் திருச்சபை சில வரம்புகளோடு உறவை ஏற்றது. பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் குடும்பத்தின் முழு உறுப்பாகவே ஆனது. நந்தியாலும் பின்னர் வந்து சேர்ந்தது.

1947ஐயும் 2000ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பழைய விதி மீறப்பட்டது. இரண்டையும் செய்தவர்கள் மனசாட்சியின் பெயரால் செய்தார்கள். இரண்டையும் கேண்டர்பரி உடனே ஏற்கவில்லை. ஆனால் சென்னையில் நடந்தது 28 ஆண்டு வெளிப்படையான பேச்சின் முடிவு. சிங்கப்பூரில் நடந்தது கதவுக்குப் பின்னால் எடுத்த முடிவு. முதலாவது, சேராதவர்களுக்கும் பின்னாளில் திரும்பி வர வழி வைத்தது. இரண்டாவது, செய்தவர்களிடையே கூட ஒட்டுறவைக் காக்கவில்லை.

சிறைக்குள் வந்த ஒற்றுமை

சிங்கப்பூருக்கே சொந்தமான இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் பேராயர் லியோனார்ட் வில்சன் முதலில் சிறிது காலம் வெளியே இருக்க முடிந்தது. ஜப்பானிய அதிகாரி ஒகாவா தாமே ஒரு ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர், அவர் உதவினார். 1943ல் வில்சன் சாங்கிக்குக் கொண்டு செல்லப்பட்டு, பின்னர் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். வெள்ளைக்காரக் குருமார் உள்ளே போனபோது, வெளியே திருச்சபைப் பொறுப்பைத் தாங்கியவர்களுள் டி.டி.செல்லையா ஒருவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை எழுதிய கல்விமான் அவர். சாங்கி முகாமில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் தலைவர்கள் அருகருகே அடைபட்டுக் கிடந்தபோது எழுந்த எண்ணத்தின் பலன்தான் 1948ல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரி. எதிரி வெளியே இருக்கும்போது ஒற்றுமை எளிது. கருத்து வேற்றுமை வீட்டுக்குள் இருக்கும்போதுதான் அது சோதனை.

இன்று நிலைமை என்ன? 2023ல் இங்கிலாந்துத் திருச்சபை தன்பாலின இணைகளுக்கான ஜெபங்களை அனுமதிக்க முன்வந்ததும், ஆசிய ஆப்பிரிக்கத் திருச்சபைத் தலைவர்கள் பலர் கேண்டர்பரி தலைமைப் பேராயரைச் சமமானவர்களுள் முதலாமவராக இனி ஏற்க இயலாது என்றார்கள். 2024ல் ஜஸ்டின் வெல்பி, வேறொரு காரணத்தால் பதவி விலகுவதாக அறிவித்தார். 2025 அக்டோபரில் சேரா முல்லாலி அந்தப் பொறுப்புக்கு முதல் பெண்ணாக அறிவிக்கப்பட்டார். அதே மாதம் பழமைப் பற்றாளர்களின் காஃப்கான் இயக்கம், தாங்களே இனி உண்மையான ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்றது. 2000 ஜனவரியில் சிங்கப்பூரில் விழுந்த கீறல் இன்று இவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது.

தலைப்புக்கு வருகிறேன். ஒழுங்கு வேலியா, விலங்கா? என் கருத்து இதுதான். எல்லாரும் சேர்ந்து போட்டு, எல்லாருக்கும் பொருந்துகிற ஒழுங்கு வேலி. ஒரு சாரார் போட்டு, மறு சாராரை மட்டும் கட்டுகிற ஒழுங்கு விலங்கு. தீர்மானம் போட்டுவிட்டு அதை மதிக்காதவர்களைக் கேட்க வழியில்லாமல் வைத்திருந்தது ஆங்கிலிக்கன் குடும்பத்தின் முதல் குறை. வழியில்லை என்பதற்காக ஆளுக்கு ஒரு வழியை வகுத்துக்கொண்டது இரண்டாவது குறை. முதல் குறையைச் சொல்லி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. இரண்டாவதைச் சொல்லி முதலாவதை மறைக்கவும் முடியாது.

தலைவர்கள் மேடையில் பிரிகிறார்கள். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் சபையில் பாய் விரித்து உட்காரும் சாதாரண மக்கள். தங்கள் பிள்ளைக்குத் திடப்படுத்தல் கொடுத்த பேராயரை அடுத்த ஊர் ஆலயம் ஏற்குமா, தாத்தா புதைக்கப்பட்ட ஆலயம் யார் கைக்குப் போகும், ஒரே குடும்பத்தில் இருவர் இரண்டு திருவிருந்துக்குப் போக வேண்டி வருமா என்பதுதான் அவர்களுடைய கவலை. அமெரிக்காவில் ஆலயக் கட்டடங்களுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். பிரிவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பேராயர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த மக்களின் குரலைத்தான். கோயிலானாலும் சங்கமானாலும், நம் அமைப்புகளில் முடிவெடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.